ஆஷ்விட்ஸுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: என் மகன் போலந்தில் க்ராக்கோவ் நகரில் மேல்படிப்பு படிக்கிறான். மே விடுமுறையில் நான், கணவர், எழுபது வயது மாமியார், ஏழாம் வகுப்பு முடித்த மகள் என்று நாலு பேரும் அவனைப் பார்க்கப் போகிறோம். அப்படியே ஆஷ்விட்ஸ் வதைமுகாமையும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். காலையில் ஆஷ்விட்ஸ், மதியம் உப்புச் சுரங்கம் என்று ஒரே நாளில் முடிகிற பேக்கேஜ் ஒன்றை மகன் பார்த்து வைத்திருக்கிறான். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும்" என்கிறார் கணவர். மாமியாரோ, அத்தனை பேர் செத்த இடத்தில் ஒரு விளக்காவது ஏற்ற வேண்டும், திரும்பி வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும் என்கிறார். மகளை அழைத்துப் போகலாமா? போட்டோ எடுக்கலாமா? என்ன உடுத்துவது? தெரியாத்தனமாக எதையாவது செய்து அங்கே யார் மனதையும் புண்படுத்திவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வணக்கம் அம்மா. தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப் போவதுதான் என் தொழில். ஆஷ்விட்ஸ் என்றால் டிக்கெட் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் கேட்டிருப்பது வேறு. இப்படிக் கவலைப்படுகிறவர்கள் அங்கே தப்பாக நடந்து நான் பார்த்ததில்லை. அங்கே நடக்கிற தப்புகளில் முக்கால்வாசி அசதியிலும் அவசரத்திலும் வருகிறவை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வேனில் ஏறி, அடுத்த இடத்துக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்தான் சத்தமாகப் பேசுவார். வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போது போனை நோண்டுவார். ஆகவே முதல் வேலையாக அந்த ஒரே நாள் பேக்கேஜை விட்டுவிடுங்கள்.

உப்புச் சுரங்கம் அருமையான இடம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுரங்கம் இருக்கும் வியலிச்கா க்ராக்கோவுக்குத் தென்கிழக்கே இருக்கிறது; ஆஷ்விட்ஸ் மேற்கே சுமார் 65 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போய்விடும். சுரங்கத்துக்குள் இறங்க எடுத்த எடுப்பிலேயே 380 படிகள். உங்கள் மாமியாரை நினைத்துப் பாருங்கள். முழங்கால் கிடக்கட்டும், மனசு? காலையில் பார்த்ததை உள்ளே வாங்குவதற்கு முன்பே, உப்பில் செதுக்கிய சிலைகளுக்கும் சரவிளக்குகளுக்கும் முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டியிருக்கும். சுரங்கத்தை வேறு ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆஷ்விட்ஸுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அன்று மாலைக்கும் எதையும் போட்டு வைக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஆஷ்விட்ஸ் என்று நாம் சொல்வது ஓர் இடம் இல்லை. முதலாம் முகாம் எனப்படும் பழைய செங்கல் கட்டடங்கள் ஓர் இடம். அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிர்கெனாவ் இன்னோர் இடம். இரண்டுக்கும் நடுவே அருங்காட்சியகத்தின் இலவசப் பேருந்து ஓடுகிறது. வழக்கமான வழிகாட்டிச் சுற்று மூன்றரை மணி நேரம். அதுவே வேகமாகத்தான் போகும். ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவர்கள் பிர்கெனாவைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். கொலைகளில் பெரும்பகுதி நடந்ததே அங்கேதான். "பார்க்க என்ன இருக்கிறது" என்று அவர் கேட்டது ஒரு வகையில் சரியான கேள்வியும்கூட. பிர்கெனாவில் பார்க்க அதிகம் இல்லை. ஏறக்குறைய 420 ஏக்கர் வெளி. மரக் கொட்டகைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. அவற்றின் செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. விஷவாயு அறைகள் இடிந்து சரிந்து கிடக்கின்றன. சோவியத் ராணுவமான செம்படை நெருங்கிவிட்டது தெரிந்ததும், தடயத்தை அழிக்க 1945 ஜனவரியில் நாஜிகளே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடிபாடு இன்றுவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது. வாசல் கோபுரத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே அந்த இடிபாடு வரை நடந்து பார்த்தால்தான் இடத்தின் அளவு புத்தியில் ஏறும். அதற்குக் கால்வலியும் நேரமும் வேண்டும். வேறு வழி இல்லை.

போவதற்கு முன்பு வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. வழிகாட்டி ஆங்கிலத்தில்தான் பேசுவார். பல மொழிகளில் வழிகாட்டிகள் உண்டு, தமிழில் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். மாமியாருக்கு நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் அவருக்கும் பாதிதான் புரியும், மற்றவர்களுக்கும் இடைஞ்சல். முந்தின இரவே உட்கார்ந்து தமிழில் கதையாகச் சொல்லிவிடுங்கள். இவ்வளவு சொன்னால் போதும்: 1939இல் ஜெர்மனி போலந்தைப் பிடித்தது. 1940 ஜூன் 14 அன்று போலந்து அரசியல் கைதிகள் 728 பேரைக் கொண்டுவந்து இந்த முகாமில் அடைத்தார்கள். தொடக்கத்தில் இது போலந்துக்காரர்களை ஒடுக்குவதற்கான சிறைமுகாம். 1941இல் சோவியத் போர்க்கைதிகள் மீதும் நோயாளிக் கைதிகள் மீதும் சிக்லோன் பி என்ற பூச்சிமருந்து வாயுவைச் செலுத்திக் கொன்று பார்த்தார்கள். 1942இலிருந்து ஐரோப்பா முழுக்க உள்ள யூதர்களை ரயிலில் அடைத்துக் கொண்டுவந்து கொல்லும் இடமாக இது மாறியது. கிரேக்கத் தீவுகளிலிருந்தும் நார்வேயிலிருந்தும்கூடக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 11 லட்சம் பேர் இங்கே மடிந்தார்கள். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். 70,000க்கும் மேற்பட்ட போலந்துக்காரர்கள், ஜிப்சிகள் எனப்பட்ட ரோமா மக்கள் சுமார் 21,000 பேர், ஆயிரக்கணக்கான சோவியத் கைதிகளும் உண்டு. 1945 ஜனவரி 27 அன்று செம்படை வந்தபோது உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000 பேர்.

நீங்கள் போகப்போவது மே மாதம் என்பதால் இன்னொன்றும் சொல்லுங்கள். 1944 மே நடுவில்தான் ஹங்கேரி யூதர்களின் ரயில்கள் வரத் தொடங்கின. ஜூலைக்குள் நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த அவசரத்துக்காகத்தான் தண்டவாளத்தை முகாமுக்கு உள்ளேயே நீட்டினார்கள். இறங்கியவர்களை வரிசையில் நிற்க வைத்து ஒரு மருத்துவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டுவார். வயதானவர்கள், பிள்ளைகள், பிள்ளையை விட்டுப் பிரியாத தாய்மார்கள் எல்லோரும் ஒரு பக்கம். அந்தப் பக்கம் போனவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள். உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்ற நினைப்பு அந்த மேடையில் நிற்கும்போது தானாக வரும். அதை நீங்கள் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து மகள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை அழைத்து வர வேண்டாம் என்பது அருங்காட்சியகத்தின் பரிந்துரை. தடை இல்லை, பரிந்துரைதான். ஆனால் நான் அதை மதிக்கிறேன், உங்களையும் மதிக்கச் சொல்வேன். முதலாம் முகாமில் நாலாம் எண் கட்டடத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெண்களின் கூந்தல் இருக்கிறது. கொன்ற பிறகு வெட்டி எடுத்து, துணி நெய்ய ஜெர்மன் ஆலைகளுக்கு விற்ற கூந்தலில் மிஞ்சியது. ஏறக்குறைய இரண்டு டன். அதில் சில இன்னும் பின்னல் பிரியாமல் கிடக்கின்றன. ஏழாம் வகுப்புப் பெண் அதைப் பார்த்துவிட்டு இரவில் என்ன கேட்பாள், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "என் பொண்ணு தைரியசாலி" என்று சில பெற்றோர் சொல்வார்கள். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மகன் அங்கேயே இருக்கிறவன், இன்னொரு நாள் நண்பர்களோடு போய்க்கொள்ளலாம். அன்று அவன் தங்கையோடு க்ராக்கோவிலேயே இருக்கட்டும். அவளுக்கும் இந்த வரலாறு தெரிய வேண்டும் என்றால் நகரத்துக்குள்ளேயே இடம் உண்டு. விஸ்துலா ஆற்றைக் கடந்தால் போத்குஷே என்ற பகுதி. 1941 முதல் 1943 வரை நகரத்து யூதர்களைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருந்த இடம். அங்கே ஒரு சதுக்கம் முழுக்க வெறும் நாற்காலிகள், சாதாரண நாற்காலியைவிடப் பெரியவையும் அவற்றைவிடச் சிறியவையுமாக உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். மக்களை விரட்டிய பிறகு அவர்களுடைய மேசை நாற்காலிகள் இந்தச் சதுக்கத்தில் இறைந்து கிடந்ததன் நினைவாக. அதன் ஓரத்திலேயே ஒரு பழைய மருந்துக்கடை. ததேயுஷ் பான்கியெவிச் என்ற போலந்துக் கத்தோலிக்கர், அந்தச் சுவருக்குள்ளேயே கடையைத் தொடர்ந்து நடத்தி, உள்ளே அடைபட்டவர்களுக்கு மருந்தும் செய்தியும் ஒளிய இடமும் கொடுத்தார். இப்போது அது அருங்காட்சியகம். பன்னிரண்டு வயதுக்கு இது தாங்கும். உதவி செய்த ஒரு மனிதரிடமிருந்து தொடங்குவது அந்த வயதுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

மாமியார் வருவது அவர் விருப்பம். ஆனால் முன்கூட்டியே விவரம் சொல்லிவிடுங்கள். முதலாம் முகாமின் பாதைகள் கரடுமுரடானவை. கட்டடங்களுக்குள் லிப்ட் கிடையாது. படிக்கட்டுகள் இத்தனை வருடக் கால்தடத்தில் தேய்ந்து நடுவில் பள்ளமாகிவிட்டன, வழுக்கும். பதினோராம் கட்டடத்தின் பாதாள அறைகளில் காற்றே கம்மி, கூட்டம் நெருக்கும். அங்கே அவர் இறங்க வேண்டாம், வெளியே நிற்கட்டும். உங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தால் புனித மாக்சிமிலியன் கோல்பே பெயர் தெரிந்திருக்கும். இன்னொரு கைதிக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுத்த பாதிரியார். 1941 ஆகஸ்டில் அவர் இறந்தது அந்தப் பாதாள அறை ஒன்றில்தான். பிர்கெனாவில் வாசலிலிருந்து நினைவுச்சின்னம் வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், ஜல்லி போட்ட பாதை, நிழல் இல்லை. போக முடியாவிட்டால் வாசல் கோபுரத்தருகே அவர் இருந்துகொள்ளலாம். கணவர் துணைக்கு இருக்கட்டும். கழிப்பறையை நுழைவுப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் தேடுவது கஷ்டம்.

விளக்கு விஷயம். இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்றுவது போலந்துக்காரர்களுக்கும் பழக்கம்தான். கண்ணாடிக் குடுவைக்குள் மூடியோடு வருகிற கல்லறை மெழுகுவர்த்தி அங்கே எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். க்ராக்கோவிலேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம், பதினோராம் கட்டடங்களுக்கு நடுவே கைதிகளை நிற்க வைத்துச் சுட்ட சுவர் இருக்கிறது. அங்கேயும் பிர்கெனாவ் நினைவுச்சின்னத்திலும் மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பதைப் பார்ப்பீர்கள். வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அங்கே வைக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து அகல், திரி, எண்ணெய் எல்லாம் கொண்டுபோக வேண்டாம். கற்பூரம், ஊதுபத்தி கட்டடத்துக்குள் கூடவே கூடாது. மரக் கொட்டகைகளைப் பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். விழுந்து கும்பிடுவது, தேங்காய் உடைப்பது போன்ற எண்ணம் இருந்தால் அதையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நினைவிடங்களின் மேல் சின்னச் சின்னக் கற்கள் வைத்திருப்பார்கள், அது யூதர் வழக்கம். நீங்களும் ஒன்று வைக்கலாம். வைத்ததை எடுக்கக் கூடாது.

எடுப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. தரையில் கிடக்கிற ஒரு துருப்பிடித்த ஆணி, கம்பித் துண்டு, செங்கல் சில்லு எதையும் ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது குற்றம். 2015இல் பிரிட்டனிலிருந்து வந்த பள்ளி மாணவர்கள் இருவர், கிடந்த சில பொருட்களை எடுத்ததற்காகப் போலந்துப் போலீஸிடம் மாட்டினார்கள்.

தலைக்குக் குளிப்பது பற்றி மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். குளிக்கட்டும். யூதர்களும் கல்லறையை விட்டு வெளியே வந்ததும் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்கிற வழக்கம் உள்ளவர்கள்தான். தீட்டு என்று அங்கே நின்று பேசாமல் இருந்தால் சரி.

போட்டோ எடுக்கலாம், உங்கள் சொந்த உபயோகத்துக்கு, பிளாஷ் இல்லாமல், ஸ்டாண்டு இல்லாமல். இரண்டு இடங்களில் கூடவே கூடாது: கூந்தல் வைத்திருக்கும் அறை, பதினோராம் கட்டடத்தின் பாதாளம். விதி இவ்வளவுதான். ஆனால் விதி அனுமதிப்பது எல்லாம் செய்யத் தக்கது ஆகிவிடாது. மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: பிர்கெனாவ் தண்டவாளத்தின் மேல் கையை விரித்து நடந்தபடி ரீல்ஸ் எடுப்பது அங்கே பெரிய தலைவலி. 2019இல் அருங்காட்சியகமே அப்படி எடுத்த படங்களைப் போட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட இடம் இது, கம்பி மேல் நடந்து பழக வேறு இடங்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதாயிற்று. வாசல் கம்பி வளைவின் கீழே குடும்பமாக நின்று பல்லைக் காட்டுகிற படமும் வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது முன்னாலும் பின்னாலும் என்ன படம் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் பீட்சாவுக்கும் அடுத்த நாள் ஷாப்பிங்குக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டால் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். போனைச் சைலண்டில் போடுங்கள். முதலாம் முகாமில் இருக்கும் விஷவாயு அறைக்குள் நுழையும்போது பேசக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்கே கந்த சஷ்டி கவசம் ரிங்டோனாக ஒலித்தால் தர்மசங்கடம் உங்களுக்குத்தான்.

உடையில் கெடுபிடி இல்லை. புடவை தாராளமாகக் கட்டலாம், செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். மே மாதக் காலையில் குளிர், மதியம் வெயில், நடுவில் மழை எல்லாம் ஒரே நாளில் வரலாம். ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு போதும். பளபள ஜரிகையும் கேலி வாசகம் எழுதிய டி-ஷர்ட்டும் வேண்டாம். இன்னொன்று, நம்மவர்கள் யாருக்கும் தோன்றாத விஷயம்: ஸ்வஸ்திகம். கழுத்து டாலரில், வளையலில், கோயிலில் கொடுத்த துணிப்பையில், பூஜை போட்ட பெட்டியின் மேல் குங்குமத்தில் எங்காவது அது இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நமக்கு அது மங்களச் சின்னம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் தாத்தா பாட்டியைப் பறிகொடுத்த குடும்பத்துக்காரர் ஒருவர் உங்கள் பக்கத்தில் நடந்து வரக்கூடும். அவரிடம் நம் சின்னத்தின் நான்காயிரம் வருட வரலாற்றை விளக்க அது நேரமும் இல்லை, இடமும் இல்லை. போலந்தில் நாஜிப் பிரசாரம் சட்டப்படியும் குற்றம்.

பேச்சிலும் கொஞ்சம் கவனம். கண்டிப்பான ஹெட்மாஸ்டரை ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைத்தே வளர்ந்தவர்கள் நாம். "ஆனாலும் ஹிட்லர் பெரிய தலைவர் சார்" என்று சொல்கிற ஆசாமி ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். அதையெல்லாம் பேருந்தில்கூட வேண்டாம். தமிழில் சொன்னாலும் அந்தப் பெயர் எல்லோர் காதுக்கும் கேட்கும். அப்புறம், போலந்துக்காரர்களிடம் 'போலந்து முகாம்' என்று சொல்லாதீர்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் ஜெர்மானியர் நடத்திய முகாம் அது. அங்கே முதலில் அடைபட்டுச் செத்தவர்கள் போலந்துக்காரர்கள். 2007இல் அந்த நாட்டு அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் யுனெஸ்கோ தன் பட்டியலிலேயே இடத்தின் பெயரில் 'ஜெர்மன் நாஜி' என்று சேர்த்தது.

வழிகாட்டியிடம் கேள்வி கேட்கலாம், அவர்களுக்கு அது பிடிக்கும். நம் ஆட்கள் தவறாமல் கேட்கிற ஒன்று: "இத்தனை பேர் இருந்தும் ஏன் எதிர்க்கவில்லை?" பசியில் எலும்பாகி நிற்கிறவரையும் ரயிலை விட்டு இறங்கின கையோடு குளிக்கப் போகிறோம் என்று நம்ப வைக்கப்பட்டவரையும் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. போதாக்குறைக்கு, எதிர்க்கவும் செய்தார்கள். பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருந்த யூதக் கைதிகள் 1944 அக்டோபர் 7 அன்று கலகம் செய்து நாலாம் எரிப்புக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்கு வேண்டிய வெடிமருந்தை முகாமை ஒட்டிய ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சிட்டிகை சிட்டிகையாக உடைக்குள் மறைத்துக் கடத்திக் கொடுத்தார்கள். அகப்பட்ட நாலு பெண்களைச் சித்திரவதை செய்தும் விஷயம் பெயரவில்லை. 1945 ஜனவரி 6 அன்று தூக்கிலிட்டார்கள், செம்படை வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது. ஆகவே அந்தக் கேள்வியை, "எப்படி எதிர்த்தார்கள்?" என்று கேளுங்கள். வழிகாட்டி சொல்ல நிறைய வைத்திருப்பார்.

பதின்மூன்றாம் கட்டடத்தில் ரோமா மக்களுக்கென்று தனிக் கண்காட்சி உண்டு. அவர்களின் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன்பு வட இந்தியப் பகுதிகளிலிருந்து போனவர்கள். பேசுகிற மொழியிலும் அந்த வேர் இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 2 இரவு, முகாமில் மிச்சமிருந்த ரோமாக் குடும்பங்களில் 4,000க்கும் அதிகமானவர்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றார்கள். வழக்கமான சுற்றில் அங்கே கூட்டிப்போக மாட்டார்கள். இடைவேளையில் நேரம் கிடைத்தால் எட்டிப் பாருங்கள்.

நீங்கள் நிச்சயம் நிற்கப்போகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் கட்டடத்தில் காலணிகள், மூக்குக்கண்ணாடிகள், பெட்டிகள் எல்லாம் குவியலாக இருக்கும். பெட்டிகளின் மேல் பெரிய வெள்ளை எழுத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி எழுதியிருக்கும். திரும்பக் கிடைக்கும் என்று நம்பி அவரவர் கையால் எழுதியவை. பலரும் அங்கேதான் நிற்பார்கள். ஆனால் நம்மூர்ப் பெண்கள் நிற்பது பாத்திரங்களுக்கு முன்னால். நீலமும் வெள்ளையும் பச்சையுமாக எனாமல் பூசிய தூக்குகள், குண்டான்கள், கரண்டி, வடிகட்டி, தேங்காய்த் துருவி மாதிரியான துருவி. அருங்காட்சியகத்தில் இப்படி 12,000 சமையல் பாத்திரங்கள் இருக்கின்றன. வேறு ஊரில் குடிவைக்கப் போகிறோம் என்று சொன்னதால், போன இடத்தில் அடுப்பு மூட்ட வேண்டுமே என்று எடுத்து வந்தவை. சிலவற்றில் அடி கருகியிருக்கும், சிலவற்றில் எனாமல் பெயர்ந்திருக்கும். குழு நகர்ந்துவிடும்; நீங்கள் அவசரப்படாதீர்கள், ஹெட்போனில் வழிகாட்டியின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பிடித்துவிடலாம்.

முகாமை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த மக்கள் செத்த விதம்தான் நினைவில் நிற்கும். முகாம் இருக்கிற ஒஷ்வியென்சிம் ஊருக்குள் (ஆஷ்விட்ஸ் என்பது அதன் ஜெர்மன் பெயர்) ஒரு யூத அருங்காட்சியகம் இருக்கிறது, முகாமிலிருந்து காரில் சில நிமிடம். போருக்கு முன்பு அந்த ஊரில் பாதிக்கு மேல் யூதர்கள். கடை வைத்திருந்தார்கள், மது வடித்தார்கள், கல்யாணம் செய்தார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த வாழ்க்கையின் படங்களும் பொருட்களும் அங்கே உண்டு. அதை ஒட்டியே போரில் தப்பிய ஒரே ஜெபக்கூடம். உள்ளே ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மூடியிருக்கும். என்னைக் கேட்டால் காலையில் முதலில் இதைப் பார்த்துவிட்டு, அப்புறம் முகாமுக்குப் போவது நல்லது.

சாப்பாடு. முகாமுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது. கட்டுச்சாதம் கொண்டுபோனால் உள்ளே நுழைவதற்கு முன்போ, முடித்து வெளியே வந்த பிறகோ சாப்பிடுங்கள். பிர்கெனாவ் புல்தரையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. அந்தத் தரையில் பல இடங்களில் சாம்பல் கொட்டியிருக்கிறார்கள். மாமியாருக்கு மாத்திரை நேரம் இருந்தால் இரண்டு முகாமுக்கும் நடுவே வருகிற இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய பை உள்ளே விட மாட்டார்கள். சின்னக் கைப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் மாதிரி சோதனை இருக்கும். அதைத் தாண்டியதும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஒரு பாதை. அங்கே இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கிருந்தே பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் செய்யச் சொல்லுங்கள். நுழைவு இலவசம், வழிகாட்டிக்குத்தான் கட்டணம். கூட்டமான நேரங்களில் வழிகாட்டி இல்லாமல் முதலாம் முகாமுக்குள் விட மாட்டார்கள். மே மாத இடங்கள் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும் என்பதால், தேதி உறுதியானதும் முதலில் இதைப் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம். யூதப் பேரழிவு நினைவு நாளில், ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ வரும், ஆயிரக்கணக்கானவர்கள் முதலாம் முகாமிலிருந்து பிர்கெனாவ் வரை ஊர்வலமாக நடப்பார்கள். அன்று பார்வையாளர் நேரம் குறையும், அந்தத் தேதியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாளிலும் இஸ்ரேலிலிருந்து வந்த மாணவர்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு பிரார்த்தனை பாடுவதைப் பார்க்கலாம். ஒதுங்கி நின்று வழிவிடுங்கள், படம் பிடிக்க வேண்டாம்.

க்ராக்கோவிலிருந்து அருங்காட்சியக வாசலுக்கே பேருந்து உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். ரயிலில் போனால் நிலையத்திலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். மாமியார் வருவதால் பேருந்தே வசதி. நுழைவுச் சீட்டில் பெயர் போட்டிருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள். நம் பெயர்களில் இனிஷியல் தகராறு எப்போதும் வரும். மாமியாரின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதியிருந்தால், பதிவிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடச் சொல்லுங்கள்.